வளைவில் வரும் ‘டக் டக்’: காரின் ஆக்சிலைப் புரிந்துகொள்வோம்

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. என் பழைய காரில் அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டது அங்கேதான். நேராகப் போகும்போது ஒன்றுமில்லை. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முதல் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் முன்பக்கத்தில் ‘டக் டக் டக்’. சக்கரம் நேரானதும் நின்றுவிடும். அடுத்த வளைவில் மறுபடியும் வரும். ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தேன். அடியில் எதுவும் தொங்கவில்லை, எண்ணெயும் சொட்டவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். “முன்னாடி சத்தம் வருது” என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்தது. வீல் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்கள். பணம் போனது, சத்தம் போகவில்லை. அடுத்துப் போன இடத்தில் ஒரு வயதான மெக்கானிக் இருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: “எப்ப வருது சார்?” வளைவில் திரும்பும்போது, அதுவும் வண்டி இழுக்கும்போது என்றேன். சக்கரத்தை அவர் கழற்றவே இல்லை. ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுக்கத் திருப்பச் சொன்னார். டயருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். ரிம்மின் உள்பக்கத்தை விரலால் வழித்து என்னிடம் நீட்டினார். விரல் முழுக்கக் கறுப்பு கிரீஸ்.

“பூட் கிழிஞ்சு நாலஞ்சு மாசமாவது ஆயிருக்கும் சார். ஜாயிண்ட் போயிடுச்சு.”

பூட் என்பது அந்த ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ஒரு ரப்பர் உறை. விலை சில நூறு ரூபாய்தான். அது கிழிந்த வாரத்திலேயே கவனித்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். கவனிக்காததால், சக்கரத்தைச் சுற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. அதற்குப் பல ஆயிரம். காரின் ஆக்சில் பக்கம் வரும் கோளாறுகளில் நிறைய இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. கார் வைத்திருப்பவர் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சத்தமோ நடுக்கமோ எப்போது வருகிறது என்று சொல்லத் தெரிந்தால் போதும், பாதிக் காசு மிச்சம். அதற்கு, உள்ளே என்ன சுற்றுகிறது என்பது கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

அச்சு வேறு, அச்சாணி வேறு

ஆக்சில் என்றால் அச்சு. பேச்சில் பலர் அச்சாணி என்றே சொல்லிவிடுகிறார்கள், ஆனால் இரண்டும் ஒன்றில்லை. மாட்டுவண்டியில் இரண்டு சக்கரங்களையும் தாங்கி நிற்கும் குறுக்குத் தண்டுதான் அச்சு. சக்கரம் கழன்று ஓடாமல் இருக்க அதன் நுனியில் செருகுவது அச்சாணி, அதையே கடையாணி என்றும் சொல்வார்கள். இன்றைய காரில் அச்சாணியின் வேலையைச் செய்வது சக்கரத்தின் நடுவே இருக்கும் பெரிய ஆக்சில் நட்.

மாட்டுவண்டியில் அச்சு சுற்றாது. மாடு இழுக்கும், சக்கரம் மட்டும் அச்சின் மேல் சுற்றும். உராய்வு குறைய வண்டி மை தடவினால் போதும். காரில் நிலைமை வேறு. இழுக்கிற சக்தியே அச்சு வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. அதனால் அச்சு சுற்றியாக வேண்டும்.

சக்தி போகும் வழி இதுதான்: என்ஜினிலிருந்து கிளட்ச், கிளட்சிலிருந்து கியர் பாக்ஸ், அங்கிருந்து டிஃபரன்ஷியல், அதிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் டிரைவ் ஷாஃப்ட்டுகள், கடைசியில் சக்கரம். இந்த டிரைவ் ஷாஃப்ட்டைத்தான் நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ‘ஆக்சில்’ என்று சொல்கிறார்கள். “ஆக்சில் போயிடுச்சு” என்றால் தண்டு இரண்டாக ஒடிந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அதன் முனையில் இருக்கும் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் எதற்கு? ஒரு யு டர்ன் போட்டுப் பாருங்கள். வட்டத்தின் உள்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 1.4 மீட்டர் இருந்தால், அரைவட்டம் முடிவதற்குள் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 4.4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். சாதாரண கார் டயருக்கு அது சுமார் இரண்டரைச் சுற்று. இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கமாகப் பூட்டியிருந்தால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்துகொண்டுதான் போக முடியும். சக்தி இரண்டு பக்கமும் போக வேண்டும், ஆனால் வேகம் மட்டும் தேவைக்கேற்ப வேறுபட வேண்டும். அதைப் பல்சக்கரங்களைக் கொண்டு செய்து தருவதுதான் டிஃபரன்ஷியல்.

முன்சக்கரத்தின் மூன்று வேலை

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தில் என்ஜின் முன்னால் இருக்கும், இழுப்பது பின்சக்கரம். முன்சக்கரங்கள் திரும்பினால் போதும், பின்சக்கரங்கள் தள்ளினால் போதும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு நம் சாலைகளில் முன்சக்கரமே இழுக்கும் கார்கள் பெருகின. இன்றைக்குச் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். நீளமான தண்டு பின்பக்கம் வரை போக வேண்டியதில்லை. அதனால் உள்ளே இடம் அதிகம், எடையும் குறைவு.

ஆனால் முன்சக்கரத்தின் மேல் பாரம் ஏறிவிட்டது. அது சுற்றி வண்டியை இழுக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கு ஏற்ப இடமும் வலமும் ஏறக்குறைய 35, 40 டிகிரி வரை திரும்ப வேண்டும். பள்ளத்திலும் வேகத்தடையிலும் மேலும் கீழும் போய்வர வேண்டும். கியர் பாக்ஸோ ஒரே இடத்தில் நிற்கிறது. நிற்கிற ஒன்றுக்கும் மூன்று விதமாக அசைகிற ஒன்றுக்கும் நடுவே, சக்தி ஒரு நொடியும் அறுந்துபோகாமல் ஓட வேண்டும்.

வளைந்தபடியே சுற்றும் இணைப்பு என்றால் லாரிக்கு அடியில் பார்த்த ‘கிராஸ்’ நினைவுக்கு வரும். கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத் துண்டு, இரண்டு பக்கமும் அதைப் பிடித்திருக்கும் கவைகள். அதை முன்சக்கரத்தில் போட்டால் என்ன? போட்டால் சுற்றும். ஆனால் சீராகச் சுற்றாது. 30 டிகிரி மடங்கிய நிலையில், உள்ளே வரும் வேகம் மாறாமல் இருந்தாலும் வெளியே போகும் வேகம் ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை 15 சதவீதம் கூடும், இரண்டு முறை 13 சதவீதம் குறையும். லாரியில் மடங்கும் கோணம் சிறியது. அதோடு, முனைக்கு ஒரு கிராஸ் என இரண்டு போட்டு, ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டும்படி அமைத்திருப்பார்கள். காரின் முன்சக்கரத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஸ்டீயரிங் உதறிக்கொண்டே இருக்கும்.

இதற்கான விடைதான் சிவி ஜாயிண்ட். ‘மாறாத வேகம்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள்தான் அந்த சி, வி. 1920களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் உருவாக்கிய வடிவம்தான், கொஞ்சம் கொஞ்சமாகச் செம்மைப்பட்டு, இன்றும் பெரும்பாலான கார்களின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. 1959-இல் பிரிட்டனில் வந்த மினி கார் இதைப் பயன்படுத்தி வெற்றி பெற்ற பிறகு, சிறிய கார் என்றாலே முன்சக்கர இழுவை என்ற வழக்கம் மெல்ல மெல்ல உலகம் முழுக்கப் பரவியது.

அதன் அமைப்பைப் பார்க்கும்போது எனக்கு இன்னமும் வியப்புதான். ஒரு கிண்ணம், அதற்குள் ஓர் உருண்டையான குமிழ். கிண்ணத்தின் உள்சுவரில் ஆறு பள்ளத் தடங்கள், குமிழின் மேலும் ஆறு தடங்கள். எதிரெதிர்த் தடங்களுக்கு நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகளைப் பிடித்து வைக்க ஒரு கூண்டு. ஜாயிண்ட் எவ்வளவு மடங்கினாலும், அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிற தளத்தில்தான் ஆறு குண்டுகளும் வந்து நிற்கும். உள்ளே வரும் தண்டும் வெளியே போகும் தண்டும் அந்தத் தளத்துக்கு ஒரே சாய்வில் இருப்பதால், இரண்டின் வேகமும் எப்போதும் சமம். ஆற்றலை எடுத்துப்போவது அந்த ஆறு குண்டுகள்தான். குடும்பமே ஏறி உட்கார்ந்து மலையேறும்போது அவற்றின் மேல் விழும் பாரத்தை யோசித்துப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரண கார் சக்கரம் நிமிடத்துக்கு 550 முறை சுற்றுகிறது. அத்தனை சுற்றிலும் இந்தக் குண்டுகள் கிரீஸ் பூசிய தடத்தில் வழுக்கிக்கொண்டே இருக்கின்றன.

உள்பக்கம், அதாவது கியர் பாக்ஸ் ஓரம் இருக்கும் ஜாயிண்ட் வேறு மாதிரி. சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஷாஃப்ட்டின் நீளம் கொஞ்சம் கூடிக் குறைய வேண்டும் அல்லவா? அதற்காக மூன்று உருளைகள் கொண்ட ஓர் அமைப்பு, ஒரு குவளைக்குள் முன்னும் பின்னும் நகரும்படி வைத்திருப்பார்கள். பெரிய கோணத்தில் மடங்குவது வெளி ஜாயிண்டின் வேலை, நீண்டு சுருங்குவது உள் ஜாயிண்டின் வேலை. கோளாறு வரும்போது இரண்டும் வேறு வேறு விதமாகக் காட்டிக்கொடுப்பதற்கும் இதுதான் காரணம்.

பூட் கிழிந்தால் என்ன ஆகிறது

ஒவ்வொரு ஜாயிண்டின் மேலும் மடிப்பு மடிப்பாக, ஆர்மோனியத் துருத்தி போல ஓர் உறை இருக்கும். அதுதான் பூட். ரப்பரிலோ நெகிழும் பிளாஸ்டிக்கிலோ செய்வார்கள். இரண்டு முனையிலும் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கும். உள்ளே மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். பொதுவாக, கார் இருக்கும் வரைக்கும் இந்த கிரீஸை மாற்ற வேண்டியதே இல்லை. ஒரே நிபந்தனை, பூட் முழுசாக இருக்க வேண்டும்.

பூட் எதனால் போகிறது? வயசுதான் முதல் காரணம். வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் ரப்பர் கெட்டிப்பட்டு, மடிப்பின் பள்ளத்தில் முதலில் மயிரிழை போல வெடிக்கும். சாலையில் கிடக்கும் கம்பி, கூரிய ஜல்லி கிழித்துவிடுவதும் உண்டு. கிளாம்ப் தளர்ந்து அந்த வழியாக கிரீஸ் கசிவதும் உண்டு. ஓடாமல் மாதக்கணக்கில் நின்றே கிடக்கும் காருக்கும் இது வரும். ‘கார் ஓடவே இல்லையே, எப்படிக் கெட்டது’ என்று பலர் கேட்பார்கள். ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை.

கிழிசல் விழுந்ததும் இரண்டு காரியம் நடக்கிறது. சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே விசிறப்படுகிறது. ரிம்மின் உள்பக்கம், சஸ்பென்ஷன் கம்பிகள், சில சமயம் பிரேக் காலிப்பர் வரை கறுப்புக் கோடாகத் தெறித்திருக்கும். அப்புறம், அதே ஓட்டை வழியாகத் தூசியும் மணலும் தண்ணீரும் உள்ளே போகின்றன. மீதியுள்ள கிரீஸோடு மணல் கலந்தால் அது உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். வழுவழுப்பாக இருந்த தடத்தில் சிறு குழிகள் விழும். குண்டு ஒவ்வொரு முறையும் அந்தக் குழியில் இறங்கி ஏறும்போது ‘டக்’. ஜாயிண்ட் அதிகம் மடங்கியிருக்கும்போதும் அதிகச் சக்தி போகும்போதும்தான் குண்டு அந்த இடத்துக்குப் போகிறது. வளைவில் இழுக்கும்போது மட்டும் சத்தம் வருவது இதனால்தான்.

பூட் கிழிந்த அன்றே சத்தம் வராது என்பதுதான் சிக்கல். உள்ளே ஒட்டியிருக்கும் கிரீஸில் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட ஓடும். சத்தம் வந்த பிறகு பூட்டை மட்டும் மாற்றி, புது கிரீஸ் அடைத்தால் சத்தம் கொஞ்சம் அமுங்கும். ஆனால் விழுந்த குழி போகாது. அந்த நிலையில் ஜாயிண்ட்டையோ முழு ஷாஃப்ட்டையோ மாற்றுவதுதான் நேர்மையான வேலை. சில இடங்களில் வலது பக்கத்து ஜாயிண்ட்டை இடப் பக்கமும் இடப் பக்கத்ததை வலமும் மாற்றிப் போடுவார்கள். முன்னோக்கிப் போகும்போது தடத்தின் ஒரு பக்கச் சுவர்தான் தேயும், இடம் மாற்றினால் தேயாத சுவரில் பாரம் விழும். யோசனையில் தவறில்லை, கொஞ்ச நாள் சத்தமும் அடங்கும். ஆனால் மணலைத் தின்ற ஜாயிண்டில் இது நெடுநாள் தாங்காது.

சத்தம் வந்தபடியே ஓட்டினால்? பல பேர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். ஆனால் ஒருநாள் குண்டுகள் கூண்டை விட்டு வெளியே வந்துவிட்டால் அந்தச் சக்கரத்துக்குச் சக்தி போகாது. டிஃபரன்ஷியல் இருக்கிறதே, அது சக்தியைத் தடையில்லாத பக்கத்துக்கு, அதாவது உடைந்த பக்கத்துக்கே அனுப்பும். என்ஜின் உறுமும், வண்டி நகராது. இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை. ஆட்டோமேட்டிக் காரை ‘பி’ நிலையில் போட்டு நிறுத்தினால் பூட்டப்படுவது கியர் பாக்ஸ்தான், சக்கரம் நேரடியாக இல்லை. ஷாஃப்ட் உடைந்திருந்தால் அந்தப் பூட்டு சக்கரம் வரை எட்டாது, சரிவில் கார் உருளும். கியரில் போட்டு நிறுத்தும் சாதாரண காருக்கும் இதே கதிதான். மலைச்சரிவில் ஹேண்ட் பிரேக் போடும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும்.

எப்போது வருகிறது?

அந்த மெக்கானிக் கேட்ட கேள்விக்கு வருவோம். காலியான மைதானம் ஒன்றைப் பாருங்கள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, முதல் கியரில் மெதுவாக வட்டம் போடுங்கள். நடுநடுவே ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். கண்ணாடியை இறக்கி வைத்துக் கேளுங்கள். அப்புறம் மறுபக்கம் ஒரு வட்டம். ‘டக் டக்’ என்ற சத்தம் வேகம் கூடக் கூட அதே தாளத்தில் வேகமாக வந்தால் வெளி சிவி ஜாயிண்ட். பெரும்பாலும் வட்டத்தின் வெளிப்பக்கம் இருக்கும் சக்கரத்தில்தான் அது உரக்கக் கேட்கும். ஆனால் அதை வைத்து மட்டும் எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டாம், எந்த பூட் கிழிந்திருக்கிறது என்பதையும் பாருங்கள்.

நேராகப் போகும்போது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் கார் இடமும் வலமுமாகக் குலுங்குகிறதா? காலை எடுத்ததும் நின்றுவிடுகிறதா? அப்படியானால் உள் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம். உருளைகள் ஓடும் குவளையில் பள்ளம் விழுந்திருக்கும். ஆள் நிறைய ஏறி, மேட்டில் போகும்போது இது தெளிவாகத் தெரியும்.

இதையும் வீல் பேலன்சிங் நடுக்கத்தையும் குழப்பிக்கொண்டு காசு செலவழித்தவர்கள் ஏராளம். பேலன்சிங் போயிருந்தால் 80, 90 போல ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். அந்த வேகத்தில் காலை எடுத்தாலும் நடுங்கும், வைத்தாலும் நடுங்கும். உள் ஜாயிண்டின் நடுக்கம் காலோடு சேர்ந்து வரும், காலோடு போகும். பஞ்சர் கடையில் ஐந்நூறு ரூபாய்க்குள் முடியக்கூடிய விஷயமா, ஒர்க்‌ஷாப் விஷயமா என்று இந்த ஒரு சோதனையிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

வீல் பேரிங் கெட்டால் ‘டக் டக்’ வராது. ‘ஊம்ம்ம்’ என்று தூரத்தில் விமானம் போவது போல ஓர் இரைச்சல், வேகத்தோடு ஏறும். நியூட்ரலில் உருட்டினாலும் இருக்கும். ஆளில்லாத அகலமான சாலையில் ஸ்டீயரிங்கை லேசாக இடப் பக்கம் திருப்பினால் பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாயும். அப்போது இரைச்சல் கூடினால் வலப் பக்க பேரிங், வலப் பக்கம் திருப்பும்போது கூடினால் இடப் பக்க பேரிங். ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயரும் கிட்டத்தட்ட இதே மாதிரி இரையும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றிப் போட்டதும் இரைச்சலும் பின்னுக்குப் போனால் குற்றம் டயரில்.

கியர் போட்டு கிளட்ச்சை விடும்போது, அல்லது முன்னே போய் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரே ஒரு ‘டொக்’ கேட்டால், சக்தி போகும் வழியில் எங்கோ பிளே, அதாவது தளர்வு, விழுந்திருக்கிறது. உள் ஜாயிண்டாக இருக்கலாம், என்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பர் இற்றுப்போயிருக்கலாம். என்ஜின் மவுண்ட்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அதுதான் பார்க்கச் சுலபம். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது மட்டும் வரும் ‘கட கட’ பெரும்பாலும் சஸ்பென்ஷன் சமாச்சாரம், ஆக்சிலுக்கு அதில் பங்கில்லை. என்ஜின் வேகம் ஏறியும் வண்டி வேகம் ஏறாமல், கூடவே கருகிய நாற்றம் அடித்தால் கிளட்ச் பிளேட்.

பின்சக்கரம் இழுக்கும் வண்டிகள்

மாருதி ஆம்னி, ஈக்கோ, மஹிந்திரா பொலேரோ, டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் இழுப்பது பின்சக்கரம். இவற்றில் கியர் பாக்ஸிலிருந்து நீளமான புரொப்பல்லர் ஷாஃப்ட் பின்னால் போய், பின் ஆக்சில் நடுவே இருக்கும் கிரவுன் பினியன் என்ற பல்சக்கர ஜோடியைச் சுற்றும். இங்கே கிராஸ் தேய்ந்தால் கிளட்ச்சை விடும்போது ‘டிங்’ என்று இரும்பு தட்டும் சத்தம், ஓடும்போது தரையடியில் அதிர்வு. கிரவுன் பினியன் தேய்ந்தால் அழுத்தும்போது ஒரு சுருதியில் அழும், காலை எடுத்தால் சுருதி மாறும்.

சென்னை மாதிரி மழைக்காலத்தில் சாலை ஏரியாகிற ஊர்க்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடிச் சூடாக இருக்கும் பின் ஆக்சில் திடீரென்று வெள்ளத்தில் முழுகினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது, காற்று போய்வரும் பிரீதர் துளை வழியாகவோ எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் ஓரமாகவோ தண்ணீரை உள்ளே இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. ஆயில் பிளக்கைக் கழற்றினால் எண்ணெய் பால் காபி நிறத்தில் வரும். அப்படியே விட்டால் பேரிங்கும் பல்சக்கரமும் துருப்பிடித்து, சில மாதம் கழித்து ஊளையிட ஆரம்பிக்கும். வெள்ளத்தில் ஓட்டியிருந்தால் என்ஜின் ஆயிலோடு டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கர இழுவைக் காரென்றால் நான்கு பூட் உறைகளையும்.

மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு சக்கர இழுவையைச் சேறு, மணல் போன்ற வழுக்கும் தரையில் மட்டும் போடுங்கள். இந்த வண்டிகளில் அதைப் போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே வேகத்தில் பூட்டப்படும், நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது, வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க வழியில்லாமல் மொத்த அமைப்பும் முறுக்கேறும். ஸ்டீயரிங் கனக்கும், டயர் தத்தித் தத்திப் போகும், கடைசியில் தேய்வது ஜாயிண்டும் பல்சக்கரமும்.

பார்ப்பதும் மாற்றுவதும்

வெளி பூட்டைப் பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்துவிட்டு இறங்குங்கள். முன்சக்கரத்துக்குப் பின்னால் போன் டார்ச்சை அடித்தால் மடிப்பு உறை தெரியும். மடிப்புகளின் பள்ளத்தில் வெடிப்பு இருக்கிறதா, சுற்றிலும் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்து அடுத்த சக்கரம். மொத்தம் ஐந்து நிமிட வேலை. உள் பூட் அடியில் மறைந்திருக்கும். அதற்கு காரை லிஃப்ட்டில் ஏற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

வெடிப்பு தெரிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் உங்களுக்கு நல்ல நேரம். பூட் கிட் வாங்கி மாற்றினால் போதும், அதிலேயே கிரீஸும் கிளாம்ப்பும் இருக்கும். ஜாயிண்ட்டைக் கழற்றி, பழைய கிரீஸை முழுக்கக் கழுவி, தடத்தைப் பார்த்துவிட்டுத்தான் புது கிரீஸ் வைக்க வேண்டும். பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பினால் மணல் உள்ளேயே தங்கிவிடும். கண் முன்னால் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அதில் தயங்க வேண்டியதில்லை. ஷாஃப்ட்டைக் கழற்றாமலே ஒட்டிக்கொள்ளும் பிளந்த பூட் என்று ஒன்றும் கிடைக்கிறது. அவசரத்துக்கு ஆகும், நான் அதை நம்புவதில்லை.

ஷாஃப்ட்டையே மாற்றும்படி ஆகிவிட்டால் மூன்று விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, உங்கள் காரின் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சாருக்கான பல் வளையம் ஷாஃப்ட்டின் மேல் இருக்கும் வகையா? அப்படியென்றால் புது ஷாஃப்ட்டிலும் அதே அளவு வளையம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அடுத்தது, கியர் பாக்ஸ் பக்கத்து ஆயில் சீல். ஷாஃப்ட்டை உருவும்போது கியர் ஆயில் கொஞ்சம் வழியும், அதை மறக்காமல் நிரப்ப வேண்டும். அதே நேரத்தில் சீலையும் மாற்றுவது நல்லது, தனியாகச் செய்தால் மறுபடியும் அதே கூலி. கடைசியாக ஆக்சில் நட். அதை நட் முடுக்கும் இயந்திரத்தால் மனம்போன போக்கில் இறுக்கக் கூடாது. காரின் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால்தான் இறுக்க வேண்டும், நுனியைத் தட்டிப் பூட்டும் வகை நட் என்றால் புதியதுதான் போட வேண்டும். இந்த நட் சரியாக இறுகாவிட்டால் புது வீல் பேரிங்கும் சில ஆயிரம் கிலோமீட்டரில் போய்விடும்.

மலிவாகக் கிடைக்கும் டூப்ளிகேட் ஷாஃப்ட்டைவிட, நல்ல நிறுவனத்தின் ஜாயிண்ட் மட்டும் வாங்கிப் போடுவது மேல் என்பது என் கருத்து. தண்டு அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை, முனைதான் கெடுகிறது.

ஓட்டும் பழக்கத்தில் ஒன்றே ஒன்று. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்த நிலையில் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பார்க்கிங் சரிவில், முழு ஒடிப்பில் சர்ரென்று ஏற்றுவது ஜாயிண்டுக்கு மிகக் கடினமான நேரம். கொஞ்சம் முன்னே போய்ச் சக்கரத்தைப் பாதி நேராக்கிவிட்டு அப்புறம் மிதிக்கலாம்.

என் காரில் அன்றைக்கு மாற்றியது இடப் பக்கத்து ஷாஃப்ட். அதன் பிறகு டயர் பேலன்சிங்குக்குச் சக்கரம் கழற்றும் ஒவ்வொரு முறையும், ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டு இரண்டு பூட்டையும் நானே பார்த்துவிடுகிறேன். போன வருடம் வலப் பக்க பூட்டின் மூன்றாவது மடிப்பில் ஒரு நகத்தளவு வெடிப்பு தெரிந்தது. கிரீஸ் இன்னும் வெளியே வரவில்லை. அன்று மதியமே அதே மெக்கானிக்கிடம் போனேன். பூட்டைப் பிரித்து, துடைத்து, ஆறு குண்டுகளையும் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தன.